கொல்கத்தாவுக்கு ஒரு பிரதி

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்களுக்கு வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமானால் பேப்பர் பார்க்கப் போகிற இடம். நாட்டுக்கே பொதுவான பெரிய நூலகம், தேசிய நூலகம், கொல்கத்தாவில் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1836-இல் கல்கத்தா பொது நூலகமாகத் தொடங்கியது. 1903-இல் கர்சன் பிரபு அதை அரசாங்க நூலகத்தோடு சேர்த்து, இம்பீரியல் நூலகம் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-இல், தேசிய நூலகம் என்ற பெயர் வந்தது. இப்போது இருப்பது அலிப்பூரில், ஒரு காலத்தில் வங்காள லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்த பெல்வெடியர் மாளிகை வளாகத்தில்.

அங்கே நம் பக்கத்துச் சொத்து ஒன்று இருக்கிறது. வையாபுரிப் பிள்ளையின் தொகுப்பு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் சில வருஷம் வக்கீலாக இருந்தவர். கோர்ட்டை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். 1926-இலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். கடைசிக் காலத்தில் மறுபடியும் திருவனந்தபுரம் வந்து, திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தார். ஒரு பாட்டில் ஒரு சொல் சரிதானா என்று பார்க்க, ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்க்கிறவர். ஏடு எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போகிறவர். 1956-இல் காலமானார். அவர் சேர்த்த புத்தகங்களும் சுவடிகளும் இன்று கொல்கத்தாவில் பத்திரமாக இருக்கின்றன. தமிழ் ஏட்டுக்கு வங்காளத்தில் இடம் கிடைத்ததே, அதுதான் தேசிய நூலகம் என்பதற்கு அர்த்தம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, இனி நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயம். 1954-இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும், வெளியான 30 நாளுக்குள், தம் சொந்தச் செலவில் ஒரு பிரதியைக் கொல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் தலா ஒன்று. கொல்கத்தாவுக்குப் போவது இருப்பதிலேயே நல்ல தாளில் அச்சான, படமெல்லாம் முழுசாக உள்ள, தைத்த பிரதியாக இருக்க வேண்டும். கவனியுங்கள், பெரிய பதிப்பகத்துக்கு மட்டுமில்லை, யார் வெளியிட்டாலும்!

எங்கள் ஊர் மாரியம்மன் நோன்புக்கு ஒரு கும்மிப் பாட்டுப் புத்தகம் போட்டார்கள். ரோஸ் கலர் அட்டை, நடுவில் இரண்டு பின். பாட்டி காலத்துப் பாட்டு, இரண்டு அடி தமிழ் என்றால் மூன்றாவது அடியில் மலையாளம் எட்டிப் பார்க்கும். இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் ஊரில் ஒரு பிரதி இல்லை. கரையான் பாதி, பழைய பேப்பர்காரர் பாதி. ஒன்றே ஒன்று கொல்கத்தாவுக்குப் போயிருந்தால் அந்தப் பாட்டு இன்று இருந்திருக்கும். மறுபடி சொல்கிறேன், ஒரே ஒரு பிரதி.

நிலையத்தார் நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். அங்கே உள்ள தமிழ்ப் பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. 1956-இலிருந்து பத்திரிகைகளும் இந்தச் சட்டத்தில் சேர்ந்துவிட்டன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், விலாசம் குறித்துக்கொள்ளுங்கள்: தேசிய நூலகம், பெல்வெடியர், கொல்கத்தா 700027. தபாலில் அனுப்புங்கள். வணக்கம்.