போர்தான் அந்த எழுத்தை மாற்றியது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்க நவீன இலக்கியத்தை உருவாக்கியது பாரீஸின் கலைப் புரட்சியா, முதல் உலகப் போர் தந்த ஏமாற்றமா என்பது கேள்வி. ஏமாற்றமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வலுவாகவே கேட்டார்: 1909-லேயே, பாரீஸில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் புது நடையில் புத்தகம் போட்டுவிட்டார், 1913-ல் நியூயார்க்கில், ஐரோப்பாவின் புதுமை ஓவியங்களை அமெரிக்கர்களுக்குக் காட்டிய ஆர்மரி ஓவியக் கண்காட்சியும் நடந்துவிட்டது, அப்புறம் போருக்கு என்ன வேலை? சரி, உத்தி முன்பே வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இனி பழைய மாதிரி எழுதவே முடியாது என்ற நெருக்கடி எப்போது வந்தது?

1917 ஏப்ரலில் அதிபர் வில்சன், உலகை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பாக்க வேண்டும் என்று சொல்லி நாட்டைப் போருக்கு அழைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். 18 வயதில் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டப் போன ஹெமிங்வே, 1918 ஜூலையில் இத்தாலியப் போர்முனையில் காலெல்லாம் குண்டுச் சில்லு பாய்ந்து விழுந்தார். அவருடைய 'சோல்ஜர்ஸ் ஹோம்' சிறுகதையைப் பாருங்கள். கிரெப்ஸ் என்ற இளைஞன் 1919-ல், வரவேற்பெல்லாம் ஓய்ந்த பிறகு ஊர் திரும்புகிறான், பொய் கலந்து சொன்னால்தான் அவன் கதையை யாரும் காதுகொடுத்துக் கேட்கிறார்கள், அப்படிப் பொய் சொன்னதிலேயே போரில் அவன் பட்டதெல்லாம் அவனுக்குக் கசந்துபோகிறது. காலை உணவு மேசையில் அம்மா கடவுள், வேலை என்று பேசிக்கொண்டே போக, அவன் தட்டில் உறைந்துகொண்டிருக்கும் பன்றிக் கொழுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கொழுப்புக்கு ஹெமிங்வே ஒரு விளக்கமும் தரவில்லை. தந்திருந்தால் அதுவும் கிரெப்ஸ் கேட்டுச் சலித்த பேச்சுகளில் ஒன்றாகியிருக்கும், விளக்கம் சேர்க்காத ஹெமிங்வேயின் அந்த மொட்டை வாக்கியம் அங்கிருந்துதான் வருகிறது.

போர்முனையையே பார்க்காத ஃபிட்ஸ்ஜெரால்டுகூட, 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் நாயகன் கேட்ஸ்பியைப் போருக்குப் போய் வந்தவனாகத்தான் படைத்தார்.

கடைசியாக டாஸ் பாஸோஸ். 1932-ல் வந்த அவருடைய '1919' நாவல், ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் புதைக்கப்பட்ட பெயர் தெரியாத வீரனைப் பற்றிய பகுதியோடு முடிகிறது. அந்த அடக்கத்துக்கான காங்கிரஸ் தீர்மானத்தை, மூச்சுவிட இடமில்லாமல் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டி அச்சிடுகிறார். மார்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பதக்கமாகக் குத்துகிறார்கள், வில்சன் பாப்பி மலர்க்கொத்து கொண்டுவருகிறார். போருக்கு அழைத்த அதே வில்சன்! நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், போரை ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கங்களை எந்த ஓவியத்தை வைத்து விளக்குவார் என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.