பருத்தி விளையாத நாடு உலகத்துக்கே சட்டை தைக்குது: பங்களாதேஷ் ஆயத்த ஆடைத் தொழிலின் கதை

காட்சி: ஒரு சட்டைக் காலரின் உள்பக்கம். லேபிள் நெருக்கமாகத் தெரிகிறது: மேட் இன் பங்களாதேஷ்.

வணக்கம். ஆயத்த ஆடை ஏற்றுமதியில உலகத்துலயே முதல் இடம் சீனாவுக்கு. அதுக்கு அடுத்த இடத்துக்குச் சில வருஷமா பங்களாதேஷும் வியட்நாமும் போட்டி போட்டுக்கிட்டு இருக்கு. பங்களாதேஷோட ஏற்றுமதி வருமானத்துல 80 சதவீதத்துக்கு மேல துணி தைச்சு அனுப்புறதுலதான் வருது. சுமார் 40 லட்சம் பேருக்கு அதுல வேலை.

ஆனா அந்த மண்ணுல பருத்தி ரொம்பக் கொஞ்சம்தான் விளையுது. பஞ்சு கிட்டத்தட்ட முழுசுமே ஆப்பிரிக்கா, பிரேசில், இந்தியா, அமெரிக்கான்னு வெளியில இருந்துதான் வருது. 1971ல போர் முடிஞ்சு நாடு பிறந்தப்போ அவங்க கையில இருந்த பெரிய ஏற்றுமதிச் சரக்கு சணல் மட்டும்தான்.

"கூலி கம்மி, அதனால வளர்ந்தாங்க"ன்னு சுலபமா சொல்லிடலாம். எனக்கு அந்தப் பதில்ல திருப்தி இல்ல. கூலி கம்மியா இருந்த நாடுகள் 1970கள்ல எத்தனையோ இருந்துச்சு. அதெல்லாம் இந்த அளவுக்குத் துணி தைக்கல. பங்களாதேஷ்ல நடந்ததைப் புரிஞ்சுக்க சில காகிதங்களைப் பார்க்கணும். கோட்டா, எல்.சி., பாண்டு லைசென்ஸ், ஒப்பந்தம். ஒவ்வொண்ணும் யாரோட பணத்தை, யாரோட உயிரைக் காப்பாத்துச்சு, யாரை வெளியில விட்டுச்சுன்னு பார்த்தாலே இந்தத் தொழில் புரிஞ்சுடும்.

காட்சி: உலக வரைபடம். தென்கொரியாவில் இருந்து அமெரிக்காவுக்குப் போகும் அம்புக்குறி பாதியில் நிற்கிறது.

முதல் காகிதம் கோட்டா. 1974ல பல்லிழை ஒப்பந்தம்னு ஒண்ணு நடைமுறைக்கு வந்துச்சு. அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி பணக்கார நாடுகள் தங்களோட ஜவுளி ஆலைகளைக் காப்பாத்திக்க, இந்த நாட்டுல இருந்து வருஷத்துக்கு இவ்வளவு உருப்படிதான் வரலாம்னு வரம்பு போட்டாங்க. தென்கொரியா, ஹாங்காங், தைவான் எல்லாம் அதுல மாட்டிக்கிட்டாங்க. தைக்க ஆள் இருக்கு, மெஷின் இருக்கு, வாங்க ஆள் இருக்கு, அனுப்பத்தான் அனுமதி இல்ல.

பங்களாதேஷுக்கு அப்போ கோட்டாவே கிடையாது. ஆடையே ஏற்றுமதி செய்யாத நாட்டுக்கு யார் வரம்பு போடப் போறாங்க?

இதைக் கவனிச்சது தென்கொரியாவோட தேவூ நிறுவனம். பங்களாதேஷ்ல அவங்க கைகோத்த ஆள் நூருல் காதர். விடுதலைப் போர்ல பங்கெடுத்த அரசு அதிகாரி, பிறகு தொழிலுக்கு வந்தவர். அவர் ஆரம்பிச்ச கம்பெனி தேஷ் கார்மென்ட்ஸ். 1978ல ஒப்பந்தம் ஆச்சு. அடுத்த வருஷம் சுமார் 130 பேரை தென்கொரியாவோட பூசான் நகரத்துக்கு அனுப்பி, தேவூ ஆலையிலேயே ஆறு மாசம் பயிற்சி கொடுத்தாங்க. அதுல பெண்களும் இருந்தாங்க. தையல் மட்டும் இல்ல, கட்டிங், தரம் பார்க்கிறது, லைன் போடுறது, சட்டை வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரரான பையர்கிட்ட பேசுறது, சரக்கை எந்தத் தேதிக்குக் கப்பல் ஏத்துறதுன்னு ஒரு ஆலையை நடத்தத் தெரிய வேண்டிய எல்லாத்தையும் கத்துக்கிட்டு வந்தாங்க.

1978லேயே ரியாஸ் கார்மென்ட்ஸ்னு டாக்காவுல ஒரு கம்பெனி பாரிஸுக்கு 10,000 சட்டை அனுப்பியிருந்தது. முதல்ல அனுப்புனது அவங்கதான். ஆனா தொழில் பரவுனதுக்குக் காரணம் தேஷ். சிட்டகாங் பக்கத்துல இருந்த அந்த ஆலை 1980ல வெறும் 43,000 சட்டைதான் வித்துச்சு. 1987ல அதுவே 23 லட்சம் சட்டை. அதைவிடப் பெரிய விஷயம் இது: பூசான் போய் வந்த 130 பேர்ல 115 பேர் கொஞ்ச வருஷத்துல தேஷை விட்டு வெளியில போயிட்டாங்க. சொந்தமா ஆலை ஆரம்பிச்சாங்க, இல்ல புது ஆலைகளை நடத்திக் கொடுத்தாங்க. ஒரு கம்பெனிக்கு அது நஷ்டம். நாட்டுக்கு ஒரு தொழிலே கிடைச்சது.

காட்சி: ஒரு மேஜை. மேலே இரண்டு காகிதங்கள் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன.

இப்போ நான் ரொம்பவே ரசிக்கிற பகுதி. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, இந்தத் தொழிலோட முதுகெலும்பே இதுதான்.

ஒரு அமெரிக்கக் கடை 1 லட்சம் சட்டை கேக்குதுன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு 5 டாலர், மொத்தம் 5 லட்சம் டாலர். அதுல துணி, பட்டன், ஜிப், நூல், லேபிள், அட்டைப்பெட்டின்னு மூணரை லட்சம் டாலர் போயிடும். புதுசா தொழிலுக்கு வந்த டாக்கா முதலாளி அந்த மூணரை லட்சத்துக்கு எங்க போவார்?

அமெரிக்கக் கடை தன்னோட பேங்க் மூலமா ஒரு எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், திறக்கும். சொன்ன தேதியில சரக்கைக் கப்பல் ஏத்தி, அதுக்கான பேப்பரைக் காட்டினா பணம் தர்றோம்னு பேங்க் கொடுக்கிற உறுதி. அந்த எல்.சி.யை ஈடா வச்சு, டாக்காவுல இருக்கிற பேங்க் இன்னொரு எல்.சி. திறக்கும், இது துணி விக்கிற சீன ஆலைக்கு. துணி இன்னைக்கு வந்துடும். காசு மூணு நாலு மாசம் கழிச்சுக் கொடுத்தாப் போதும். அதுக்குள்ள சட்டை தைச்சு, கப்பல் ஏறி, அமெரிக்கப் பணம் வந்துடும். அதுல துணிக் கடனைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை முதலாளி கணக்குல போடுவாங்க. இதுக்குப் பேர் பேக் டு பேக் எல்.சி.

இதோட ஜோடி பாண்டட் வேர்ஹவுஸ். அதுக்கான அனுமதிதான் பாண்டு லைசென்ஸ். வெளிநாட்டுத் துணி இறக்கினா சுங்க வரி கட்டணும். ஆனா அந்தத் துணி முழுசும் சட்டையாகித் திரும்ப வெளிநாட்டுக்கே போயிடும்னு கணக்குக் காட்டுற ஆலைக்கு வரியே இல்ல. துணி ஆலையோட கிடங்குலயே சுங்கக் கணக்குக்குள்ள இருக்கும். எத்தனை மீட்டர் துணி உள்ள வந்துச்சு, அதுல எத்தனை சட்டை வெளியில போகணும்னு சான்று கொடுக்கிற பொறுப்பை ஆடை உற்பத்தியாளர் சங்கமான பி.ஜி.எம்.இ.ஏ.கிட்டயே அரசு விட்டுடுச்சு.

கையில காசு இல்லாதவங்க, வரியும் கட்டாம, உலகத்துல எங்க நல்ல துணி கிடைக்குதோ அங்க இருந்து எடுத்துத் தைக்கலாம். ஒரு மாடி, சில டஜன் மெஷின், ஒரு ஆர்டர் போதும். டாக்காவுல வீடுகள், கடை மாடிகள் எல்லாம் ஆலையா மாறினது இப்படித்தான். அந்த மாடிகளை ஞாபகம் வச்சுக்கோங்க.

காட்சி: தையல் லைன். வரிசையாக மெஷின்கள்.

மெஷின்ல உக்காந்தது யார்? ரங்பூர், மைமன்சிங், பரிசால் மாதிரி மாவட்டங்கள்ல இருந்து வந்த கிராமத்து இளம்பெண்கள். ஒருத்தர் காலர், ஒருத்தர் கை, ஒருத்தர் பட்டன் பட்டைன்னு ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்வாங்க. ஹெல்பரா சேர்ந்து, நூல் வெட்டி, பீஸ் எடுத்துக் கொடுத்து, அப்புறம் ஆபரேட்டர் ஆவாங்க. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ்னு டார்கெட் லைனோட தலைமாட்டுல போர்டுல எழுதியிருக்கும். அதுவரைக்கும் வீட்டு வாசல் தாண்டி வேலைக்குப் போறது அரிதா இருந்த கிராமங்கள்ல, மாசச் சம்பளத்தோட பொண்ணுங்க ஊருக்குப் பணம் அனுப்ப ஆரம்பிச்சாங்க. கல்யாண வயசு தள்ளிப் போச்சு, தங்கச்சிங்க பள்ளிக்கூடம் போனாங்க. இதைச் சின்ன விஷயமாப் பேசுறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல.

ஆனா சம்பளத்தைப் பாருங்க. 1994ல குறைந்தபட்ச மாச ஊதியம் 930 டக்கா. டக்காங்கிறது அந்த நாட்டுப் பணம். 2006 வரைக்கும் அதேதான். பன்னிரண்டு வருஷம் அரிசி விலை ஏறுச்சு, வாடகை ஏறுச்சு, அந்த 930 நகரவே இல்ல. பேங்க் பணத்துக்கு உறுதி இருந்துச்சு, துணி வித்தவனுக்கு உறுதி இருந்துச்சு. தைச்சவங்களுக்குன்னு யாரும் ஒரு காகிதமும் எழுதல.

2005 ஜனவரி 1ல கோட்டா முறை மொத்தமா ஒழிஞ்சது. சீனா எல்லாத்தையும் வாரிக்கும், பங்களாதேஷ் மூடிக்கும்னு பலரும் எழுதினாங்க. அது நடக்கல. ஐரோப்பிய ஒன்றியம் 2001லேயே மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஆயுதம் தவிர எல்லாத்துக்கும் வரி விலக்குக் கொடுத்திருந்தது. நாராயண்கஞ்ச் பக்கம் பின்னலாடைக்கு நூற்பாலையில இருந்து சாயம் வரைக்கும் உள்ளூர்லயே வளர்ந்திருந்தது. 2011ல ஐரோப்பா விதியை இன்னும் தளர்த்தினப்போ, வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைச்சாலே வரி விலக்குன்னு ஆச்சு. ஆர்டர் வெள்ளமா வந்துச்சு.

காட்சி: கறுப்புத் திரை. "சவார், 2013 ஏப்ரல் 24."

அந்த வெள்ளம் ஏறினது பழைய மாடிகள்மேலதான். 2005லேயே டாக்காவுக்குப் பக்கத்துல இருக்கிற சவார் பகுதியில ஸ்பெக்ட்ரம் ஆலை இடிஞ்சு 64 பேர் செத்தாங்க. 2012 நவம்பர் 24ல தஸ்ரீன் ஆலையில தீ. தரைத்தளம் முழுக்க துணியும் நூலும் அடுக்கியிருந்தது. மாடிப்படி கீழ இறங்குறதே நெருப்புக்குள்ளதான். அலாரம் அடிச்சும், போய் வேலையைப் பாருங்கன்னு சூப்பர்வைசர்கள் திருப்பி அனுப்பினதாத் தப்பிச்சவங்க சொன்னாங்க. குறைஞ்சது 112 பேர் இறந்தாங்க.

அஞ்சே மாசத்துல ராணா பிளாசா. எட்டு மாடி, அதுல மேல் மாடிகள் அனுமதி இல்லாம கட்டினது. கடைகளுக்காகக் கட்டின கட்டடத்துல அஞ்சு ஆடை ஆலைகள், மேல கனமான ஜெனரேட்டர்கள். ஏப்ரல் 23ல சுவர்லயும் தூண்லயும் விரிசல் தெரிஞ்சது. கீழ இருந்த பேங்க் தன்னோட ஊழியர்களை வர வேண்டாம்னு சொல்லிடுச்சு. தையல் ஆட்களை மட்டும் மறுநாள் காலையில உள்ள அனுப்பினாங்க. வராட்டி சம்பளம் பிடிப்போம்னு மிரட்டல். கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓடுச்சு, ஒன்பது மணிக்கு முன்னாடியே கட்டடம் உக்காந்துடுச்சு. 1,134 பேர் இறந்தாங்க. சுமார் 2,500 பேர் காயத்தோட மீட்கப்பட்டாங்க.

பேங்க் ஊழியர் வீட்டுல இருக்க முடிஞ்சது, தையல்காரப் பெண்ணால முடியலங்கிறதை யோசிச்சுப் பாருங்க. ஷிப்மென்ட் தேதி தவறினா பையர் தள்ளுபடி கேப்பார், இல்ல சரக்கை விமானத்துல அனுப்பச் சொல்வார், அந்தச் செலவு ஆலை தலையில. எல்.சி.யில எழுதியிருக்கிற ஒரு தேதிக்காக விரிசல் விட்ட கட்டடத்துக்குள்ள ஆட்களை அனுப்பினாங்க.

இடிபாட்டுல தேடிக்கிட்டு இருந்தப்பவே, 2013 மே மாசத்துல அக்கார்டுங்கிற ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ஒரு பக்கம் ஐரோப்பிய, உலக பிராண்டுகள், 200க்கும் மேல. இன்னொரு பக்கம் இண்டஸ்ட்ரியால், யூ.என்.ஐ.ங்கிற உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள். பிராண்டுகள் அதுக்கு முன்னாடியும் நடத்தை விதி, தணிக்கைன்னு நிறைய வச்சிருந்தாங்க. ராணா பிளாசாவுக்குள்ள இருந்த ஆலைகள்லயும் தணிக்கை நடந்திருந்தது. அக்கார்டு சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம். சுதந்திரமான பொறியாளர்கள் சோதனை போட்டு, அறிக்கையை ஊரறிய வெளியிடுவாங்க. பழுது பார்க்க ஆலைக்குக் காசு கிடைக்கிறதை பிராண்டு உறுதி செய்யணும். செய்யலேன்னா வழக்கு.

வழக்கும் நடந்துச்சு. 2016ல ரெண்டு பிராண்டுகள்மேல சங்கங்கள் நெதர்லாந்தோட ஹேக் நகரத்துல இருக்கிற நிரந்தர நடுவர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. ரெண்டும் சமரசத்துல முடிஞ்சது. ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒத்துக்கிச்சு. 1,600க்கும் மேற்பட்ட ஆலைகள்ல மாடிப்படி வாசல்ல இருந்த மடக்கு இரும்புக் கேட்டுகள் போச்சு, தீத் தடுப்புக் கதவுகள் வந்துச்சு, தூண்களுக்கு வலு சேர்த்தாங்க. தைக்கிறவங்களைக் காப்பாத்துறதுக்குன்னு எழுதி, எழுதினபடி நடந்த முதல் காகிதம்னு இதைத்தான் சொல்வேன்.

காட்சி: மூடிய ஆலைக் கேட். "மார்ச் 2020."

கொரோனா வந்தப்போ 300 கோடி டாலருக்கு மேல ஆர்டரை பையர்கள் ரத்து செஞ்சாங்க, இல்ல நிறுத்தி வச்சாங்க. அப்படிச் செய்ய அவங்களால எப்படி முடிஞ்சது? பல பையர்கள் அதுக்குள்ள எல்.சி.யை விட்டுட்டு, சரக்கு கைக்கு வந்து பல வாரம் கழிச்சுக் காசு தர்ற சாதாரண விற்பனை ஒப்பந்தத்துக்கு மாறியிருந்தாங்க. பேங்க் உறுதி இல்ல. ஆனா துணிக்கு ஆலை திறந்த எல்.சி. அப்படியே நின்னுச்சு. தைச்ச சட்டை தேங்கிடுச்சு, துணிக் கடன் மட்டும் தேதி தவறாம வந்துச்சு. உலகம் முழுக்கக் கண்டனம் வந்த பிறகு பல பிராண்டுகள் பணம் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் சம்பளம் இல்லாம சாலையில நின்னது தொழிலாளர்கள்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2023 டிசம்பர்ல இருந்து குறைந்தபட்ச ஊதியம் 12,500 டக்கா. சங்கங்கள் கேட்டது 23,000. அந்தப் போராட்டத்துலயும் உயிர் போச்சு. இன்னொரு பக்கம், மிகவும் பின்தங்கிய நாடுங்கிற பட்டியல்ல இருந்து பங்களாதேஷ் வெளியேற ஐ.நா. குறிச்ச தேதி 2026 நவம்பர் 24. ஐரோப்பா அதுக்கப்புறமும் மூணு வருஷம் சலுகையைத் தொடரும்னு சொல்லியிருக்கு. அதுக்குப் பிறகு வரி விலக்கு வேணும்னா துணியையும் உள்நாட்டுலயே நெய்ய வேண்டி வரலாம். பின்னலாடைக்காரங்க சமாளிப்பாங்க. சட்டை, பேன்ட் தைக்கிறவங்களுக்குத் துணி இன்னும் பெரும்பாலும் சீனாவுல இருந்துதான் வருது. திருப்பூர்ல இதை ரொம்பக் கூர்மையாக் கவனிக்கிறாங்க. பின்னலாடையில பையர்கள் திருப்பூர்கிட்டயும் விலை கேக்கிறாங்க, பங்களாதேஷ்கிட்டயும் கேக்கிறாங்க. தமிழ்நாட்டு நூற்பாலைகள்ல இருந்து நூலும் அங்க போகுது.

வரி ஏறினா அதை யார் சுமப்பாங்க? பையர் விலையைக் குறைக்கச் சொல்வார், ஆலை டார்கெட்டைக் கூட்டும், இதுதான் இதுவரைக்கும் நடந்த வழி. அக்கார்டு கட்டடத்தைச் சரி பண்ணுச்சு, விலையைத் தொடல. ஆர்டரை ரத்து செஞ்சா தைச்ச உருப்படிக்குக் கூலி உண்டு, விலை பேசுறப்போ சம்பளத்துக்கான தொகையைக் குறைக்கக் கூடாது, இதை மீறினா ஹேக்ல வழக்குப் போடலாம்னு பிராண்டுகளும் சங்கங்களும் அதே மாதிரி ஒரு ஒப்பந்தம் போட முடியும். கட்டடத்துக்கு முடிஞ்சது சம்பளத்துக்கு முடியாதுன்னு சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியல.