தகரப் பெட்டி 1,450 ரூபாய், ஒரு கோபம்

வணக்கம். குன்னூரில் காலையிலிருந்து ஒரே மூடுபனி. அதனால் இன்று சமையலறையிலேயே உட்கார்ந்து பேசுகிறேன். பிளாஸ்க் வழக்கம்போல் பக்கத்தில் இருக்கிறது.

அக்கா மகளுக்கு ராணி மேரிக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது! விண்ணப்பம் போட்ட பாட்டைத்தான் போன வீடியோவில் சொன்னேனே, அதுதான். முந்தாநாள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அதற்கு முன்னால் பெட்டிக் கதை. சக்கரம் வைத்த பெட்டிகளை எனக்கு அறவே பிடிக்காது. விடுதிக்குத் தகரப் பெட்டிதான் சரி. ஐந்து கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் 1,900 சொன்னார். மூடியின் ஓரத்தில் நசுங்கல் இருந்ததைக் காட்டி 1,450க்கு முடித்தேன். பூட்டும் சேர்த்துத்தான். இல்லை, பூட்டுக்குத் தனியாக 120 கொடுத்தேன்.

பணத்தை எண்ணிக்கொண்டே அவர், "அந்தக் காலத்து மலைப் பெண்கள் கல்லூரி வாசலையே பார்த்ததில்லை அம்மா" என்றார். எனக்கு வந்த கோபம்! அக்கம்மா தேவி யார்? நீலகிரியின் படுகர் இனப் பெண்களில் முதல் பட்டதாரி! 1962இல் நீலகிரியிலிருந்து மக்களவைக்குப் போனவர் என்பதைப் பலரும் சொல்கிறார்கள், பட்டத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டம்தான் பெரிது. தேர்தல் என்றால் ஊரே கூட வரும். படிப்புக்கு ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, விட்டு இறங்கும் பெண்ணோடு யார் வருவார்கள்?

வழி இல்லாமலா இருந்தது? மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக இருக்கும் பற்சட்டத்தைப் பிடித்தபடி ரயில் கல்லாறுக்கு இறங்கும் அதே பாதையில்தான் அக்கா மகளும் போனாள். 1914இல் சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரியும் திறந்தாயிற்று, முதல்வர் டொரத்தி டி லா ஹே. சொல்ல மறந்துவிட்டேன், அந்தக் கல்லூரிதான் இவள் சேர்ந்திருப்பது. ராணி மேரி என்ற பெயர் 1917இல் வந்தது. அதற்கும் முன்பே, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு நடுவே படித்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் மருத்துவப் பட்டமே வாங்கிவிட்டார்.

ரயில் இருந்தது, கல்லூரி இருந்தது. வீட்டில் விட வேண்டுமே! பெண்ணுக்குக் கல்யாண வயது பதினான்கு என்று சட்டம் வந்ததே 1929இல்தான். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பே முடிந்திருக்காது. இதையெல்லாம் கடையில் நின்றபடியே அவரிடம் சொன்னேன். பூட்டுக் காசில் இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஆக, பூட்டு நூறு ரூபாய்.

நேற்று இரவு அவள் விடுதியிலிருந்து பேசினாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் சரியாக நுழைந்துவிட்டதாம்.