படகில் உறங்கியவர் யார்?

(தங்கச்சிமடத்தில் தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

பங்குத்தந்தை அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தபின் கலிலேயக் கடலில் படகு போகிறது. புயல் எழுகிறது, அலை படகுக்குள் ஏறுகிறது. இயேசுவோ பின்புறத்தில் தலையணை வைத்து உறங்குகிறார். தலையணையைப் பற்றி மத்தேயு சொல்லவில்லை, லூக்காவும் சொல்லவில்லை. மாற்கு ஒருவர்தான் சொல்கிறார்.

கரையில் இருப்பவர்களுக்கு அவர் காற்றை அதட்டியதுதான் பெரிதாகத் தெரியும். உங்களுக்கு அந்த உறக்கமும் புரியும். இரவெல்லாம் வலை இழுத்தவன், ஈரம் காயாத கயிற்றுச் சுருளில் தலை வைத்ததும் உறங்கிப்போகிறான். காதருகே என்ஜின் அதிர்ந்தாலும் அவன் விழிப்பதில்லை. பகல் முழுவதும் கூட்டத்துக்குப் போதித்துக் களைத்தவரின் உறக்கமும் அப்படித்தான் இருந்தது. படகில் நீர் நிரம்பியும் அவர் விழிக்கவில்லை, சீடர்கள் போய் எழுப்ப வேண்டியிருந்தது. எழுந்தவர் சொன்ன சொல்லுக்குக் கடல் அடங்கியது. உறங்கியவர் ஒருவர், கடலை அடக்கியவர் இன்னொருவர் என்று நற்செய்தி சொல்லவில்லை. இருவரும் ஒருவரே. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இதை ஏற்கத் திருச்சபை எளிதில் பழகிவிடவில்லை. இறைமகன் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் போதித்தார். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை மறுத்து, இறைமகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. அதற்கு 2025இல் 1700 ஆண்டுகள் நிறைந்தன. பிறகு எதிர்ப்பக்கத்தில் சிக்கல் முளைத்தது. அவருடைய மனிதத்தன்மை இறைமைக்குள் கரைந்துபோனது என்று யூத்திக்கஸ் என்ற துறவி சொன்னார். 451இல் கால்செதோன் சங்கம் அதற்கு விடை தந்தது: ஒரே ஆள், இறை இயல்பு, மனித இயல்பு என இரண்டு இயல்புகள், அவை கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருக்கின்றன. கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையினர் அந்தச் சங்கத்தை ஏற்பதில்லை. ஆனாலும் கிறிஸ்து முழுமையாக இறைவன், முழுமையாக மனிதன் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் சண்டை இல்லை.

நம் ஊர்களில் ஆரியுஸின் தவறு அரிது. யூத்திக்கஸின் தவறுதான் அதிகம் என்று நான் கருதுகிறேன். இயேசு கடவுள்தானே, அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று கேட்கிறோம். அழுததும் பசித்ததும் நமக்காக நடித்துக் காட்டியது என்பதுபோல் பேசுகிறோம்.

புனித அருளானந்தரைப் பாருங்கள். லிஸ்பன் நகரின் உயர்குடியில் 1647இல் பிறந்தவர் காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், தமிழில் போதித்தார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை கொடுத்தார். அவ்வளவு செய்தும், காவியைக் களைந்தால் அவர் போர்த்துக்கல்காரர்தான். இறைமகன் மனிதரானது அப்படி அல்ல. கழற்றி வைக்கும் உடையாக அவர் உடலை எடுக்கவில்லை. உயிர்த்த பிறகும் அந்த உடலில் ஆணித் தழும்பு இருந்தது. அப்பமும் மீனும் கொடுத்துச் சீடர்களைக் கரையில் சாப்பிட அழைத்தவர் அந்தத் தழும்போடுதான் நின்றார்.

இது ஏன் முக்கியம்? நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் என்ற ஆயர் சொன்னார்: கிறிஸ்து எதைத் தமதாக ஏற்கவில்லையோ, அது குணமாகவில்லை. நம் அச்சத்தை அவர் ஏற்கவில்லை என்றால் நம் அச்சத்துக்கு மீட்பில்லை. கெத்சமனித் தோட்டத்தில் அவர் நடுங்கினார். ‘என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே’ என்று மன்றாடினார். தந்தையின் விருப்பத்துக்கு உட்படுத்த அவரிடம் உண்மையான மனித விருப்பம் ஒன்று இருந்தது. 681இல் நிறைவுற்ற மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் இதையும் உறுதிசெய்தது.

தனுஷ்கோடியில் கூரையிழந்த ஆலயச் சுவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது, பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள்கூட இல்லை. அன்று ஏன் அவர் காற்றை அதட்டவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்கும் தாயிடம் பதில் சொல்லி வாயடைக்க எனக்கு மனமில்லை. கேட்கக் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். ‘என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று சிலுவையில் அவரே கேட்டார். அதைக் கேட்டவர் கடவுள். அதனால் நம் கேள்வி வெறுங்காற்றில் போவதில்லை. அதைத் தம் வாயாலேயே கேட்டவரிடம்தான் போகிறது.

விசுவாச அறிக்கையில் ‘கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார்’ என்ற வரி வரும்போது தலைவணங்க வேண்டும் என்பது திருப்பலி ஒழுங்கு. நாமோ அந்த வரியை விரைந்து சொல்லிக் கடந்துவிடுகிறோம். மார்ச் 25, வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதை நினைக்கும் மங்கள வார்த்தைத் திருநாள் அன்று அதே வரியில் முழந்தாளிட வேண்டும். அன்று பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், ஏன் முழந்தாளிடுகிறோம் என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து அழைத்து வாருங்கள்.