பீட்ரூட் மேல் பழி போடாதீர்கள்

(ஹட்டனில் தோட்ட மக்களுக்காக நடந்த மருத்துவக் கூட்டத்தில், சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம்.

என் தொழிலைப் பற்றி மேடையில் பேசத் தொடங்கினால் முன்வரிசையில் இருப்பவர்கள் குனிந்து செருப்பைப் பார்ப்பார்கள். இப்போதும் பார்க்கிறீர்கள். பரவாயில்லை, காது திறந்திருந்தால் போதும்.

நுவரெலியாப் பக்கம் மரக்கறி பயிரிடும் பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் சிறுநீர் சிவந்து போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. முதல்நாள் தின்ற பீட்ரூட்டின் சாயம் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் நிறம் தெளிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி சிவந்தபோது, "இந்த வாரம் நம் வீட்டில் பீட்ரூட்டே சமைக்கவில்லையே" என்றாராம் மனைவி. அந்த அம்மாவின் நினைவுதான் அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

பீட்ரூட் சிலருக்குச் சிறுநீரைச் சிவக்க வைக்கும்தான். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் இரத்தமும் இப்படியே வரும், தானாக நிற்கும். நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வலித்தால் டிஸ்பென்சரிக்கு ஓடுகிறீர்கள். எனக்குப் பயம் வலிக்காத இரத்தத்தைப் பார்த்துத்தான். குப்பியில் பிடித்துச் சோதித்தால் சாயமா இரத்தமா என்று உடனே தெரியும். இரத்தமென்றால் மெல்லிய கமராவைச் செலுத்திப் பையின் உட்புறத்தைப் பார்ப்போம்.

அந்தப் பெரியவர் பல வருடமாகப் பீடி குடிப்பவர். புகை நெஞ்சோடு நிற்பதில்லை. அதன் நஞ்சைச் சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து இறக்க, அது பையில் மணிக்கணக்காகத் தேங்குகிறது. பையின் உள்தோல் அதில் ஊறிக் கிடக்கிறது. இந்தப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையிலைதான் காரணம்.

ஆண்களுக்கு இன்னொரு வார்த்தை. இரவில் நான்கு தடவை எழும்புவதும் சொட்டுச் சொட்டாகப் போவதும் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியின் வீக்கம், புற்றுநோய் அல்ல. ஆனாலும் வந்து காட்டுங்கள்.

கொழுந்து எடுக்கும் தாய்மார் காலையில் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்கிறீர்கள், மலையில் ஒதுங்க இடமில்லையே என்று. சுமார் 400 மில்லிலீற்றரில் பை முட்டிவிடும். தினமும் அடக்கினால் கிருமி தங்கிச் சலக்கடுப்பு வரும். இருமும்போதும் கூடையைத் தூக்கும்போதும் கசிவது வேறு. அது சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசை பிரசவத்தில் தளர்ந்ததால். அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுகிற பயிற்சியை நாள்தோறும் செய்தால் பலருக்குக் குறையும். நிரைக்குப் பக்கத்தில் கழிப்பறை வேண்டுமென்று மருந்துச் சீட்டில் எழுதித்தர நான் தயார். எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தப் பெரியவரின் கட்டி மேலோட்டமானது. வெட்டுக்காயமின்றிச் சிறுநீர் போகும் பாதை வழியாகவே சுரண்டி எடுத்தோம். மறுபடி முளைக்காமலிருக்கப் பி.சி.ஜி. மருந்து. காசநோய் வராமலிருக்கக் குழந்தைகளுக்குப் போடுகிறோமே, அதேதான். கனடாவின் மருத்துவர் மொராலெஸ் இது சிறுநீர்ப்பைக்கும் உதவுவதை 1976இல் எழுதினார். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். பேத்திக்குப் போட்ட அதே மருந்து என்றதும் அவர் சட்டைக் கையைச் சுருட்டி இடது தோளை நீட்டினார்.

"அங்கே இல்லை, ஐயா" என்றேன்.