பெரிய ஏர்போர்ட்டில் சின்ன பிளேனுக்கு மெக்கானிக் கிடைப்பாரா?

வணக்கம் மக்களே! காத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, மைக்ல பிசிறடிக்கும், பொறுத்துக்கோங்க.

இங்க டெக்சாஸ்ல புதுசா லைசென்ஸ் வாங்கின நம்மாளுங்க நிறைய பேர் கேக்கறது இதுதான்: "வழியில பிளேன் மக்கர் பண்ணா பக்கத்துல இருக்கற பெரிய ஏர்போர்ட்டுக்குப் போயிடலாமேண்ணா, அங்க எல்லா வசதியும் இருக்குமே?" வசதி இருக்கு தம்பி, நமக்குத்தான் இல்ல. ஆனா ஒண்ணு, மேல பறக்கும்போதே எஞ்சின் உதறுதுன்னா இந்தப் பேச்செல்லாம் செல்லாது. எது கிட்ட இருக்கோ அங்க இறங்குங்க. நீள ரன்வே, ஃபயர் சர்வீஸ் எல்லாம் அப்பதான் உதவும். இன்னைக்கு நான் பேசறது இறங்கினதுக்கு அப்புறம்.

டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த் மாதிரி இடத்துல மெக்கானிக்குக்குப் பஞ்சமே இல்ல. ஆனா அவங்க ஏர்லைன் ஆளுங்க, போயிங், ஏர்பஸ்ஸை விட்டு வர மாட்டாங்க. தனியார் ஜெட் பாக்கற ஷாப்புக்குப் போனா அங்க எல்லாமே டர்பைன், அதாவது ஜெட் வகை எஞ்சின். நாங்க சில பேர் பங்கு போட்டு வாங்கின செஸ்னா 172-ங்கற சின்ன பிளேன்ல இருக்கறது லைகாமிங் ஐஓ-360 பிஸ்டன் எஞ்சின். நாலு சிலிண்டர், பிளக்குக்கு கரண்ட் கொடுக்கற மேக்னெட்டோ ரெண்டு, எட்டு ஸ்பார்க் பிளக்; ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு மேக்னெட்டோவுக்கு ஒரு பிளக். "பிஸ்டன் நாங்க தொடறதில்ல சார்"னு மரியாதையா சொல்லி அனுப்பிடுவாங்க. அவங்களைத் திட்டியும் பிரயோஜனமில்ல. பெரிய ஏர்போர்ட்ல ஹாங்கர் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் எக்கச்சக்கம். அதைக் கட்டறவன் ஜெட்டுக்கு பில் போடுவானா, நமக்கு ஆயில் மாத்துவானா?

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். ஊர் பேர் வேண்டாம், ஏர்லைன் இறங்கற ஏர்போர்ட்னு வெச்சுக்கோங்க. காலையில ரன்-அப் பண்றேன், அதாவது கிளம்பறதுக்கு முன்னாடி எஞ்சின் செக். 1800 ஆர்பிஎம். சாவியை ஒரு பக்கம் திருப்பி ஒரு மேக்னெட்டோல மட்டும் ஓட விட்டா ஆர்பிஎம் கொஞ்சமா இறங்குது, சரி. இன்னொரு பக்கம் திருப்பினதும் முள்ளு சரசரன்னு விழுது, பிளேனே நடுங்குது. இந்த மாடல்ல ஒரு மேக்னெட்டோவுக்கு 150 ஆர்பிஎம்முக்கு மேல விழக்கூடாது, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 50 தாண்டக்கூடாது. மிக்ஸ்சரை லீன் பண்ணி, அதாவது ஃப்யூயலைக் குறைச்சு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் சூடா ஓட விட்டுப் பாத்தேன். சாதாரண கரி, ஈயப்படிவுன்னா அதுலயே எரிஞ்சு போயிடும். போகல. அப்ப ஸ்க்ரீன்ல எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பாருங்க, இது முக்கியம். அந்த ஒரு மேக்னெட்டோல ஓடும்போது எந்த சிலிண்டரோட கோடு மட்டும் கீழ விழுதோ, அங்கதான் பிளக் அடிக்கல. எங்களுக்கு மூணாவது. போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மெக்கானிக்கிட்ட "எஞ்சின் ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்றதுக்கும், "வலது மேக்னெட்டோல மூணாவது சிலிண்டர் செத்துப் போகுது"ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது மாதிரி பேசினா, "அரை மணி நேர வேலைதானே, வரேன்"னு சொல்ல ஆள் கிடைக்கும்.

சட்டப்படி பிளக் கழட்டி மாத்தறது ஓனர்-பைலட்டே செய்யலாம், அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வோட விதி பார்ட் 43 பின்னிணைப்புல பட்டியலே இருக்கு. ஆனா அளவா இறுக்கற டார்க் ரெஞ்சை யார் சூட்கேஸ்ல தூக்கிட்டு வரா? போதாக்குறைக்கு நாங்க நிறுத்தியிருந்த எஃப்பிஓ-ல (பார்க்கிங், ஃப்யூயல் கொடுக்கற கம்பெனி), ராம்ப்புல, அதாவது பிளேன் நிறுத்தற தளத்துல வெச்சு கவுலிங்கை (எஞ்சின் மூடியை) கழட்டக் கூடாது, வெளி மெக்கானிக்கும் வரக்கூடாதுன்னுட்டாங்க. கவுன்டர்ல நிக்கற பொண்ணுகிட்ட சட்டம் பேசாதீங்க, அந்தம்மா கையில ஒண்ணும் இல்ல. ஃபெடரல் மானியம் வாங்கற ஏர்போர்ட்ல ஓனர் தன் விமானத்தைத் தானோ, தன் சொந்த ஊழியரை வெச்சோ பாத்துக்கறதைத் தடுக்கக் கூடாது, வாஸ்தவம். ஆனா எங்க வெச்சுப் பாக்கணும்னு ஏர்போர்ட் விதி போடலாம். வெளியில இருந்து வர்ற காண்டிராக்டருக்கு அந்த உரிமையும் கிடையாது. அவருக்கு ஏர்போர்ட் அனுமதி, இன்சூரன்ஸ், பேட்ஜ் போட்ட எஸ்கார்ட் எல்லாம் வேணும். அதனால நேரா ஏர்போர்ட் ஆபரேஷன்ஸ் நம்பர் வாங்கிப் பேசுங்க.

எனக்கு வழி காட்டினது ஃப்யூயல் டிரக் ஓட்டற பையன். யாரு எந்த ஹாங்கர்ல என்ன பண்றாங்கன்னு இந்த லைன் பசங்களுக்குத்தான் தெரியும். "அந்தக் கோடியில ஒரு ஃப்ளைட் ஸ்கூல் இருக்கு, கேட்டுப் பாருங்க"ன்னான். ஸ்கூல் பிளேனை வாடகைக்கு விட்டு, அதுலயே சொல்லியும் கொடுத்தா 100 மணி நேரம் ஓடினதுக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். அதனால பெரும்பாலும் அங்க பிஸ்டன் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பார். இருந்தார். சாப்பிட்டுட்டு வரேன்னார், நிஜமாவே வந்தார். இழுவை வண்டி வெச்சு பிளேனை அவங்க ஹாங்கருக்கு இழுத்துட்டுப் போய் அந்த மூணாவது சிலிண்டரோட கீழ் பிளக்கைக் கழட்டினா, எலக்ட்ரோடு நடுவுல கடுகு சைஸ்ல ஒரு ஈய உருண்டை! அவ்காஸ்ல, அதாவது நம்ம பிளேன் பெட்ரோல்ல, இன்னும் ஈயம் கலக்கறாங்கல்ல, அதோட வேலை. சுத்தம் பண்ணி, புது செம்பு வாஷர் போட்டு, 35 ஃபுட்-பவுண்டுல இறுக்கினார். அவருக்குக் கொடுத்ததைவிட ராம்ப் வாடகை அதிகம், அது வயித்தெரிச்சல்.

இப்பல்லாம் ரூட் போடும்போதே பாத்துடறேன். பெரிய ஊருன்னா பக்கத்துல நமக்குன்னு ஒரு ஃபீல்டு இருக்கும். டல்லாஸ்னா அடிசன், அட்லாண்டான்னா டிகால்ப்-பீச்ட்ரீ, டென்வர்னா சென்டெனியல், ஃபீனிக்ஸ்னா டீர் வேலி, நாஷ்வில்னா ஜான் டியூன். தூங்கி வழியற இடம்னு நினைக்காதீங்க, டீர் வேலியில பேட்டர்ன்ல, அதாவது இறங்கறதுக்கு ரன்வேயைச் சுத்தற வரிசையில, இடம் கிடைக்கறதே பாடு. ஏர்போர்ட் விவரமெல்லாம் போட்ட புக்கான சார்ட் சப்ளிமென்ட்ல ஏர்போர்ட் பேருக்குக் கீழ எஸ்4-னு போட்டிருந்தா பாடி, எஞ்சின் ரெண்டுலயும் பெரிய ரிப்பேர் செய்வாங்கன்னு அர்த்தம். எஸ்2-ன்னா சின்ன வேலை மட்டும். ஆனா மெக்கானிக்குக்கு இன்னைக்கு நேரம் இருக்கான்னு புக்ல போட்டிருக்காது. போன் பண்ணுங்க, அதுவும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள.

ஆனுவல், அதாவது வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் தேதி தாண்டி எங்கயாவது மாட்டிக்கிட்டா, ரிப்பேர் செய்யற இடத்துக்குப் பறந்து போக ஃபெரி பர்மிட்னு தனி அனுமதி இருக்கு. எஃப்ஏஏ-வோட வட்டார ஆபீஸ்ல, 8130-6 ஃபார்ம். ஆனா பறக்கலாம்னு கையெழுத்து போட அதுக்கும் ஒரு மெக்கானிக் வரணும், பாத்துக்கோங்க! அதைத் தனி வீடியோவா போடறேன்.

இன்னொண்ணு. வேலை முடிஞ்சதும் தேங்க்ஸ் சொல்லிட்டு ஓடிடாதீங்க. லாக்புக்ல என்ன செஞ்சார், தேதி, கையெழுத்து, சர்டிஃபிகேட் நம்பர், இத்தனையும் இருக்கான்னு பாருங்க. லாக்புக் வீட்ல இருந்தா ஒட்டற மாதிரி ஸ்டிக்கர்ல எழுதி வாங்கிக்கோங்க. அது இல்லாம பிளேனைக் கிளப்பக் கூடாது.

சரி, என் ஃப்யூயல் டிரக் வந்துடுச்சு. இந்தப் பையன்கிட்டயும் இங்க மெக்கானிக் யாருன்னு கேட்டு வெச்சுக்கறேன். வரட்டா!