தலைகளை எண்ணுவதா, இரவுகளை எண்ணுவதா?

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டுப் பயணிகள் வருகை இத்தனை சதவீதம் கூடியது, இத்தனை குறைந்தது என்று செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். தீவோ, காடோ, பனிமலையோ, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எண்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்று பிரித்துப் பார்ப்போம்.

எல்லையில் எண்ணுவது வருகையை, ஆளை அல்ல. ஒரே பயணத்தில் மூன்று நாடுகளுக்குப் போகிறவர் மூன்று வருகை. சுற்றுலாக் கப்பலில் வந்து, கரையில் ஓரிரவும் தங்காமல் கிளம்புகிறவர் சர்வதேசக் கணக்கில் பகல் பார்வையாளர். அவரைத் தனியாக எழுதுவார்கள். பூங்கா வாசலில் கிழிக்கும் சீட்டுக் கணக்கு இவை இரண்டிலும் சேராது. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2020இல் உலக அளவில் வருகை 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதோடு ஒப்பிட்டால் எந்த இடமும் கிடுகிடுவென வளர்ந்த மாதிரித்தான் தெரியும். 2019ஐ அளவுகோலாக வையுங்கள்.

இனி, பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1970களின் இறுதியில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் அளவில் வந்த இடம். 2018இல் இரண்டே முக்கால் லட்சம். கூட்டம் எங்கே கூடியது? கப்பலில் அல்ல. அங்கே கப்பல் படுக்கைகளுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, கரையிறங்கினால் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். வளர்ந்தது கரையில் உள்ள விடுதிகள். விடுதி கூடினால் குடிநீர் வேண்டும், கழிவுநீர் போக வழி வேண்டும், உணவு கொண்டுவரச் சரக்குக் கப்பல் வேண்டும். அந்தச் சரக்கோடு ஒட்டிக்கொண்டு அந்நியப் பூச்சியும் விதையும் வந்து இறங்கும். தீவுகளுக்குப் பெரிய ஆபத்து இதுதான். 2007இல் யுனெஸ்கோ இவற்றை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து, 2010இல் நீக்கியது.

2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 ஆனது. இது ஒருமுறைக் கட்டணம். நான்கு நாள் தங்குகிறவருக்கு நாளுக்கு 50 டாலர், பத்து நாள் தங்குகிறவருக்கு 20 டாலர். அதாவது, அவசரமாக வந்து போகிறவருக்குத்தான் இது கனக்கும். பூட்டானில் இதற்கு நேர்மாறு. அங்கே ஒவ்வோர் இரவுக்கும் கட்டணம். 2022இல் 200 டாலர், 2023இல் 100 ஆகக் குறைத்தார்கள். ஒருமுறைக் கட்டணம் தலைகளைக் குறைக்கும், இரவுக் கட்டணம் இரவுகளைக் குறைக்கும். நுழைவுக் கட்டணத்தை ஏற்றிவிட்டுச் சுமை குறைந்துவிடும் என்று நம்புவது சரியல்ல என்பேன். வருகிறவர் குறைந்து, வந்தவர் கூடுதல் நாள் தங்கினால் தண்ணீரும் குப்பையும் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: வந்த தலைகளை அல்ல, தங்கிய இரவுகளை எண்ணுங்கள்.

ருவாண்டாவின் மலைக் கொரில்லாக் காட்டில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு 8 பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 2017இல் அனுமதிச் சீட்டு 750 டாலரிலிருந்து 1,500 ஆனது.

ஐஸ்லாந்தில் வரம்பு இல்லை. 2010இல் ஏறக்குறைய ஐந்து லட்சம், 2018இல் 23 லட்சம். அங்கே எரிமலைப் பாறைமேல் படரும் பாசியைக் காலால் மிதித்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் பாதைக்குக் கயிறு கட்டுவதுதான் முதல் வேலை.

நேரம் நெருங்கிவிட்டது. தாய்லாந்துத் தீவு ஒன்றில் இருக்கும் மாயா விரிகுடாவை விரிவாகச் சொல்ல நினைத்தேன். 2018இல் மூடி, 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது படகுகள் தீவின் பின்பக்கமாக வந்து நிற்கின்றன, பவளத்தில் நங்கூரம் விழுவதில்லை. அண்டார்க்டிகாவுக்கு ஒரே வரி: ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம், 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. நன்றி, வணக்கம்.